கடைசிப் படகுக்காரி

என் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். இப்போது யாராவது அப்படிச் சொன்னால், அவள் கோபப்பட்டது போதாது என்று சண்டைக்குப் போகிறேன்.

அண்ணி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வாரம் முழுக்க அந்த இரைச்சலில் உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கயாக் என்கிற ஒற்றையாள் துடுப்புப் படகுகளின் கிளப்புக்கு வந்துவிடுவாள். தன்னார்வலர்கள் நடத்தும் கிளப். சம்பளம் யாருக்கும் கிடையாது. ஆகவே எந்த வேலையும் யாருடையதும் கிடையாது, அதாவது எல்லாம் அண்ணியுடையது. கடலிலிருந்து திரும்பியதும் மற்றவர்கள் காபியும் கையுமாக ஷெட் வாசலில் உட்கார்ந்து அரட்டை அடிப்பார்கள். அண்ணி குழாயடியில் நின்று லைஃப் ஜாக்கெட்டுகளை நல்ல தண்ணீரில் அலசிக்கொண்டிருப்பாள். உப்பு காய்ந்தால் ஜிப் இறுகிவிடும். துடுப்பின் இணைப்பில் மணல் புகுந்தால் இரண்டு பேர் பிடித்து இழுத்தாலும் கழலாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் காபி குடிப்பார்கள்.

கிளப்பின் தலைவர் ஒரு பல் டாக்டர். எல்லோரும் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். நல்ல மனிதர்தான், அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டுவது சுலபம். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று வாய்க்கு வாய் சொல்வார், சொல்லிக்கொண்டே தன் ஈர ஜாக்கெட்டை அண்ணியின் குவியலில் எறிவார்.

கடலில் அவர் முதல் படகு, அண்ணி கடைசிப் படகு. கடைசிப் படகுக்கு ஒரு விதி உண்டு. அது யாரையும் முந்தக் கூடாது. யார் பின்தங்கினாலும் அவருக்கும் பின்னால்தான் வர வேண்டும். பாதிப் பேரை ஒரே மூச்சில் தாண்டிப் போகிற தோள் அண்ணிக்கு. ஆனாலும் இடுப்பில் இழுவைக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஆமை வேகத்தில் வருகிறவர்களின் பின்னாலேயே வருவாள்.

அந்த ஆமைகளில் ஒருத்தி நான், இன்னொருவன் என் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். போன வருடம் அவனுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டான், ஆனால் வீட்டில் நாங்கள் யாரும் அவனை வாழ விடவில்லை. மாடி ஏறாதே, பை தூக்காதே, சத்தமாகச் சிரிக்காதே. இதய டாக்டர் ஒன்றுக்கு மட்டும் தலையாட்டினார்: மெதுவாக, அடிக்கடி ஓய்வெடுத்துத் துடுப்புப் போடலாம். படகில் ஏறிவிட்டால் அண்ணன் பழைய ஆள். சுருதி சேராமல் பாடுவான், என்னைக் கிண்டலடிப்பான். "இந்த மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைக்கறது தண்ணியில மட்டும்தான்" என்று அண்ணி ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்குக் கலங்கரை விளக்கப் பாறை வரைக்கும் போவதாகத் திட்டம். வழியில் கரை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் சில உண்டு. எதிர்க்காற்று. மெதுவாக வாருங்கள், முனைக்கு முனை நின்று காத்திருக்கிறோம் என்று கேப்டன் அண்ணனின் முதுகில் தட்டினார். சொன்னபடியே காத்திருக்கவும் செய்தார்கள். நாங்கள் மூன்று பேரும் முதல் முனைக்குப் போய்ச் சேர்ந்தபோது, முன்னால் போனவர்கள் தண்ணீர் குடித்து, வாழைப்பழம் தின்று, படம் எடுத்து முடித்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் "வந்துட்டாங்க" என்று கேப்டன் துடுப்பை உயர்த்தினார். உடனே எல்லாப் படகுகளும் கிளம்பின. அண்ணன் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட இல்லை.

இரண்டாவது முனையிலும் அதே கதை. கொஞ்சம் நில்லுங்கள் என்று அண்ணி கத்தினாள். அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே அவளை அடக்கினான்.

"சும்மா இரு. நம்மளால அவங்களுக்கு லேட் ஆகுது."

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் கேப்டனின் முதுகைப் பார்த்துக்கொண்டே துடுப்புப் போட்டேன்.

மூன்றாவது முனைக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது அண்ணனின் இடது கை துவண்டது. துடுப்பு நழுவியது, படகு கவிழ்ந்தது. அண்ணி பாய்ந்து வந்து அவன் ஜாக்கெட்டைப் பிடித்துத் தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்தினாள். விசிலை ஊதினாள், ஊதிக்கொண்டே இருந்தாள். முன்னால் போனவர்கள் முனையைத் தாண்டியிருந்தார்கள், காற்று சத்தத்தை எங்கள் பக்கமே தள்ளியது. அவன் படகை நிமிர்த்தித் தண்ணீரை வடித்து, அவனை எப்படி உள்ளே ஏற்றினோம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவன் படகு சாயாமல் நான் என் படகோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, அண்ணி எங்கள் இருவரையும் கரைக்கு இழுத்தாள். அழவில்லை. கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இழுத்தாள். ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகுதான் கேப்டனின் போன் வந்தது. அடுத்த முனையில் எங்களுக்காகக் காத்திருக்கிறார்களாம்.

இதயம் பழைய நிலையில்தான் இருக்கிறது, ஓய்வே இல்லாமல் உழைத்ததுதான் காரணம், கொஞ்ச நாள் கழித்து மறுபடி மெதுவாகப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கிளப்காரர்கள் பழக்கூடையோடு வந்தார்கள், அண்ணன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டான். அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கூடையை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன்.

அவன் தேறி வந்ததும் ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். கேப்டன் குரலைத் தாழ்த்திப் பேசினார். எல்லோருடைய பாதுகாப்புக்காகவும் ஒரு புது விதி வேண்டுமாம். மாரடைப்பு வந்தவர்கள் இனிக் கடலுக்குள் வர வேண்டாம், கரையிலிருந்து உதவலாம். அண்ணனின் பெயரைச் சொல்லாமலே அவனைக் கைகழுவி விட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணி எழுந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அன்னிக்கு அவரு ஏன் விழுந்தாருன்னு யாராவது யோசிச்சீங்களா?"

"சிஸ்டர், ஒவ்வொரு முனையிலும் நாங்க காத்திருந்தோம். எல்லாரும் சாட்சி" என்றார் கேப்டன். உண்மையாகவே அவர் முகம் வாடிப் போயிருந்தது.

"நீங்க காத்திருக்கல. ஓய்வெடுத்தீங்க. நாங்க வந்ததும் கிளம்பிட்டீங்க. அவருக்கு எங்க ஓய்வு? அவருக்கு விதி வேண்டாம். கடைசிப் படகு வந்து மூச்சு விட்ட பிறகுதான் முதல் படகு கிளம்பணும். அந்த விதியைப் போடுங்க."

ஒருவர் தன் காபிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் இதை முடித்துவிடலாம் என்று கேப்டன் பூசி மெழுகினார். புது விதிக்குச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. எனக்குப் பக்கத்திலிருந்தும் ஒன்று உயர்ந்தது. அண்ணனின் இடது கை. அண்ணி அதைப் பிடித்துக் கீழே இறக்கித் தன் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"விடு. பாவம், நம்மளால அவங்களுக்கு ஏன் சங்கடம்" என்று முணுமுணுத்துவிட்டு, அண்ணன் வலது கையைத் தூக்கினான்.