இரவல் பேரல்

கிளாரினெட்டில் வாய் வைத்து ஊதும் துண்டுக்கும் துளைகள் உள்ள உடம்புக்கும் நடுவே ஒரு குட்டைக் குழல் வரும். நாலு விரல்கடை நீளம்தான். பேண்டுக்காரர்கள் அதைப் பேரல் என்பார்கள். அது ஒரு நூல் நீண்டால் சுருதி இறங்கிவிடும், ஒரு நூல் குறைந்தால் ஏறிவிடும். இந்தச் சின்னச் சாமானை வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தை இத்தனை வருஷமாக யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

மேட்டூர் அணை கட்டி முடிந்த சமயம். சேலம் அம்மாபேட்டையில் பகலில் தறி நெய்வேன். முகூர்த்த நாட்களில் கல்யாண பேண்டில் கிளாரினெட் ஊதுவேன். என் வாத்தியம் பல கை மாறி வந்தது. அதன் பேரலை யாரோ நடுவில் மாற்றியிருந்தார்கள், கொஞ்சம் நீளம். தெருவில் தவுலும் டிரம்முமாகப் போகும்போது அது யார் காதிலும் விழவில்லை. அந்த வருஷம் எங்கள் மாஸ்டர் ஆர்மோனியம் ஒன்றைச் சேர்த்தார். பேரலை முழுக்க அழுத்திச் செருகியும் என் வாத்தியம் ஆர்மோனியத்துக்குக் கீழேயே நின்றது. உதட்டை இறுக்கி ஊதினால் சுருதி எட்டும், ஆனால் நாதம் ஆட்டுக்குட்டி கத்துவது போல் ஆகிவிடும்.

"ஐப்பசிக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டிப் பின்னால போயி நின்னுக்க" என்றார் மாஸ்டர்.

முதலில் பாத்திரக்காரர் ஒருவர் பித்தளையில் ஒன்று அடித்துக் கொடுத்தார். சுருதி ஏறியது, ஆனால் காது கூசியது. பிறகு தொட்டில் கால் கடையும் ஒருவர் ஈட்டி மரத்தில் கடைந்து கொடுத்தார். கீழ் ஸ்தாயி தேனாக இருந்தது. மேலே போனால் ஒவ்வொரு சுரமும் ஒவ்வொரு பக்கம் இழுத்தது. அப்போதுதான், பெங்களூர் கண்டோன்மெண்டில் பட்டாளத்து பேண்டில் ஊதிய ஒருவர் ஜலகண்டாபுரத்தில் இருக்கிறார், அவரிடம் இரண்டு பேரல் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

பஸ் ஏறிப் போனேன். அவர் இருந்தது ஊருக்கு வெளியே தனியாக ஒதுக்கியிருந்த தெரு. கிணறு வெட்டும் கூலி வேலை, கல்யாணக் காலத்தில் அந்த ஊர் பேண்டில் கிளாரினெட். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். அவர் எனக்குச் சொல்லுக்குச் சொல் 'ங்க' போட்டார்.

"வெயிலுக்கு நீளத்தைப் போடுவனுங்க, குளிருக்குக் குட்டையைப் போடுவனுங்க" என்று இரண்டையும் துணியில் வைத்துக் காட்டினார். கறுத்த மரம், கண்ணாடி போல் பளபளத்தது. "உங்க வாத்தியத்தைக் குடுங்க சாமி, மாட்டி ஊதிப் பாத்துரலாம்."

அவர் கை நீட்டினார். என் பைக்குள் வாய்த்துண்டு இருந்தது.

"வாய்த்துண்டை ஊட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன்" என்றேன்.

அவர் தன்னுடைய வாய்த்துண்டையும் குட்டைப் பேரலையும் என் கிளாரினெட்டில் பொருத்தி ஊதினார். என் வாத்தியத்துக்குள் அப்படி ஒரு குரல் இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது. கீழே கனமாகவும் மேலே நேராகவும் நின்றது. நான் தேடிக்கொண்டிருந்தது அதுதான்.

"தை வரைக்கும் எனக்கு வேண்டியதில்லீங்க. கொண்டுட்டுப் போயி ஊதிப் பாருங்க. அதே அளவுக்கு நல்ல மரத்துல ஒண்ணு கடைஞ்சுக்கிட்டுத் திருப்பிக் குடுங்க. தண்ணி, வெயிலு ரெண்டும் ஆகாது. எண்ணெய்த் துணியை உள்ள விட்டுத் துடைச்சாப் போதும்."

வீட்டுக்கு வந்து அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் குழலுக்குள் எத்தனை வருஷமாக அவர் மூச்சும் எச்சிலும் ஓடியிருக்கும் என்ற எண்ணம்தான் வந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. வீட்டில் யாருக்கும் அது எங்கிருந்து வந்ததென்றுகூடத் தெரியாது. நானாகத்தான் எழுந்து போய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை ஒரு குண்டானில் மொண்டு, கொஞ்சம் புளியைக் கரைத்து, அதைப் போட்டேன். எடுத்துத் துடைத்தபோது மரம் வெளுத்திருந்தது. காயட்டும் என்று வெயிலில் வைத்தேன். சிறிது நேரத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை நீளமாகப் பிளந்திருந்தது.

கார்த்திகையில் அதைத் திருப்பிக் கொண்டுபோனேன்.

"கை தவறிக் கீழ உழுந்துடுச்சு" என்றேன்.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழ உழுந்தா ஓரத்துலதானுங்க உடையும்" என்றார். பிறகு விரலை உள்ளே விட்டுத் தடவி, மோந்து பார்த்தார். "சுடுதண்ணியில போட்டீங்களா?"

கேட்ட கணமே அவருக்குக் காரணமும் புரிந்துவிட்டது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "எங்க வாய் பட்டது ஆகாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் குடுத்தே இருக்க மாட்டனுங்க" என்றார். 

தை மாதம் ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டார் எங்கள் பேண்டையும் மாப்பிள்ளை வீட்டார் அவருடைய பேண்டையும் வைத்திருந்தார்கள். விடிகாலையில் மாப்பிள்ளை அழைப்பு. நல்ல பனி. குளிரில் வாத்தியம் தானாகவே சுருதி இறங்கும். அவரிடம் இருந்தது நீளப் பேரல் ஒன்றுதான். கூட ஊதினவர்களோடு சேராமல் அவருடைய கிளாரினெட் மட்டும் தொய்ந்து தொங்கியது. ஊர்வலத்தில் வந்தவர்களே திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் மாஸ்டர், "பட்டாளத்து ஊத்துன்னாங்களே, தகரத்தை இழுக்குற மாதிரியில்ல இருக்குது!" என்றார். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். பின்வரிசையில் நின்ற நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவரைத் தாளம் தட்ட மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.  அந்த வாரமே, முன்பு எடுத்து வைத்திருந்த அவருடைய குட்டைப் பேரலின் அளவை மதராஸில் வாத்தியக் கடை ஒன்றுக்கு எழுதிப்போட்டு மூன்று பேரல் வரவழைத்தேன். ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மூன்றையும் நாள் முழுக்க ஊதிப் பார்த்தேன். ஒன்று கட்டை நாதம், அது ஆகாது. மற்ற இரண்டும் அளவில் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் மட்டும் அவர் அன்று ஊதிய குரலுக்குப் பக்கத்தில் ஏதோ இருந்தது. இன்னொன்று குறை சொல்ல முடியாத, சாதாரண நாதம்.

மறுநாள் ஜலகண்டாபுரம் போனேன். வெந்நீரையும் புளியையும் வாய்த்துண்டு பைக்குள்ளேயே இருந்ததையும் மறைக்காமல் சொன்னேன். சிரித்ததைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் தலையை ஆட்டாமல் கேட்டார்.  நான் கொண்டுபோன பேரலைத் தன் வாத்தியத்தில் மாட்டி மெதுவாக மேலும் கீழும் ஊதினார்.

"சேருது" என்றார். "குளிருக்கு ஆகும்." பேரலைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "எத்தனை வந்துச்சுங்க?" என்றார்.

"மூணு."

"மூணுல இதுதான் நல்லதுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் அதைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோனார். நல்லது அம்மாபேட்டையில் என் கிளாரினெட்டில் மாட்டியிருந்தது. அதை வைத்துத்தான் அந்த வைகாசியில் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்தில் ஊதினேன். நாதம் அருமை என்று எல்லோரும் சொன்னார்கள்.