ஒரு சொட்டும் புகாத போட்

குங்கிலியமும் டீசலும் புதுப் பெயின்டும் கலந்த மணம் வெயிலில் கொதித்துக் கிடந்த அந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு சாய்ந்தமருதுக் கடற்கரையில் எங்கள் போட்டைச் சுற்றி நின்றவர்களை இப்போதும் நான் வரிசையாகச் சொல்லுவேன்: வாப்பா, உம்மா, உம்மாவின் கூடப்பிறந்தவரும் மருதமுனையில் கல்யாணம் முடித்து அங்கேயே கைத்தறி நெய்துகொண்டிருந்தவருமான மாமா, போட்டை எங்களுக்கு விற்ற பாண்டிருப்புக் கணபதி அண்ணன், துஆ ஓத வந்த லெப்பை, தள்ளுவதற்கென்று பள்ளிவாசலிலிருந்தே வாப்பா கூட்டிவந்த எங்கள் ஒழுங்கை ஆம்பிளைகள், உம்மாவின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்ற நான். வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் கடலுக்குப் போவதில்லை. ஆகவே ஒரு போட்டைத் தண்ணீரில் இறக்க அதைவிட நல்ல நாள் கிடையாது, கை கொடுக்க ஆளும் கிடைக்கும், பாற்சோறு தின்னவும் ஆளும் கிடைக்கும்.

நான் முந்தானையை விடாததற்குக் காரணம் இருந்தது. அதுவரை அடுத்தவர்களுடைய போட்டில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த வாப்பாவுக்கு, கல்முனையில் ஒரு ஏஜென்ட் கட்டார் விசா ஒன்றைச் சரிக்கட்டி, பாஸ்போட்டையும் வாங்கி வைத்திருந்தார். "இந்தப் போட் ஓடினா நான் ஊர்ல, ஓடாட்டி நான் கட்டார்ல" என்று வாப்பா உம்மாவிடம் சொன்னதை நான் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டுவிட்டேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு வாப்பா என்பவர் போனுக்குள் இருந்து கதைக்கும் ஒருவர், பெருநாளைக்குப் பெட்டி அனுப்புகிற ஒருவர். எனக்கோ வாப்பா கடலிலிருந்து வரக் கொஞ்சம் பிந்தினாலே சோறு இறங்காது. வாசலில் போய் நிற்பேன், கிணற்றடியில் போய் நிற்பேன், பிறகும் வாசலுக்கு வருவேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரு பழைய மரப் போட்டின் தலையில் வாப்பாவைக் கட்டிவைத்தால் எப்படி இருக்கும்!

சுனாமிக்குப் பிறகு எல்லோரும் பைபர் தோணிக்கும் பின்னால் தொங்குகிற இஞ்சினுக்கும் மாறியிருந்த காலம் அது. வயிற்றுக்குள் டீசல் இஞ்சின் வைத்த மரப் போட்டை வாங்குகிறவனை ஊர் சிரித்தது. கணபதி அண்ணனின் போட் சுனாமியன்றைக்கு ஆற்றுக்குள் கட்டிக்கிடந்ததால் தப்பியது என்றும், தப்பியதிலிருந்து பாண்டிருப்புக் கரையில் ஏறிக்கிடந்து காய்கிறது என்றும் கேள்விப்பட்டு வாப்பா பார்க்கப் போனபோது, சைக்கிளின் முன்கம்பியில் நானும் போனேன்.

"தம்பி, நான் மறைக்கமாட்டன்" என்றார் கணபதி அண்ணன். "பலகை நல்ல பலகை. மெசின்தான் கிழவன். அதுவும் கோவக்காரக் கிழவன், குளிப்பாட்டினாத்தான் வேலை செய்வான்."

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இஞ்சினைப் பற்றி விஞ்ஞானமாக எழுத வராது. ஆனால் அன்று அவர் காட்டித் தந்தது மறக்கவில்லை. போட்டின் அடியில் ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கடல் தண்ணீரை இஞ்சின் உறிஞ்சி எடுத்து, தன் சூட்டைத் தணித்துக்கொண்டு, பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயால் வெளியே துப்பும். "துப்புறான் எண்டா சுகமா இரிக்கான். துப்பல்ல எண்டா உடனே நிப்பாட்டிப்போடு" என்று அவர் வாப்பாவுக்குச் சொன்னதை, எனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு வீடு வந்தேன்.

வாப்பா போட்டை வாங்கி எங்கள் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறகு அந்த மாரிக்காலம் முழுக்க இஞ்சின் எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் குடியிருந்தது. மழைக்குள் கடற்கரையில் அதைக் கழற்ற முடியாதென்று, வாப்பா ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, நாலு பேரைப் பிடித்து உள்ளே இறக்கினார். பாய் முழுக்க இரும்பு. உம்மாவின் சுளகில் ஆணிகள், பொரிக்கிற தாச்சியில் மண்ணெண்ணெயில் ஊறும் வளையங்கள், எதைத் தின்றாலும் டீசல் மணம்.

"இது வீடா கராச்சா? நான் சுளகுல அரிசி புடைக்கிறதா, ஆணி புடைக்கிறதா?"

"கொஞ்சம் பொறு புள்ள. பொண் பார்க்க வந்த மாதிரி நினைச்சுக்க."

"பொண்ணெண்டா இதுக்குள்ள ஒரு தேத்தண்ணியாவது ஊத்தித் தந்திருக்கும்" என்பார் உம்மா. ஆனால் வந்தவர்கள் இஞ்சினுக்கு மேலேயே தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கதைக்கப் பழகிவிட்டார்கள். பிறகு உம்மாவும் அப்படித்தான்.

மழை விட்ட ஒரு காலை, இஞ்சினை முற்றத்துக்கு இழுத்து, ஒரு பீப்பாத் தண்ணீருக்குள் அதன் உறிஞ்சும் குழாயை விட்டு வாப்பா சுழற்றினார். இருமியது, உறுமியது, பிறகு உம்மா கொடியில் காயப்போட்டிருந்த பெருநாள் உடுப்புகள் மீதெல்லாம் கறுத்தத் தண்ணீரைத் துப்பியது. உம்மா விளக்குமாற்றைத் தூக்கியபடி ஓடிவந்து, பாதி வழியில் நின்று சிரித்துவிட்டார். அவர் அப்படிச் சிரித்ததை அந்த வருடத்தில் அன்றுதான் கண்டேன்.

அதே நேரம் கடற்கரையில் மாமா தன் வேலையில் இருந்தார். காய்ந்து இடைவெளி விட்ட பலகைகளுக்குள் பஞ்சு நூலைத் திணித்து, தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை அதற்குமேல் பூசி அடைக்கிற "கலப்பத்து" வேலையை, தறியில் மிஞ்சிய சேலை நூலால் தானே செய்வதாகப் பொறுப்பெடுத்திருந்தார். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஒரு மூடை நூல்.

"சேலையில ஊசி போற இடைவெளி விட்டாலே முதலாளி முகத்துல எறிவான் மச்சான். இந்தப் பலகையில விடுவனா? ஒரு ஓட்டை இரிக்காது, பார்."

"எல்லா ஓட்டையையும் அடைச்சிரு மச்சான்" என்று வாப்பாவும் இஞ்சின் நினைப்பிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

மாரி முடிந்து, இஞ்சினைத் திரும்பவும் போட்டுக்குள் பூட்டிய பிறகு வந்த அந்த வெள்ளிக்கிழமை, லெப்பை பாத்திஹா ஓதி முடிக்க, "பிஸ்மில்லாஹ்" என்று ஆம்பிளைகள் தோள் கொடுத்தார்கள். உருளைக் கட்டைகள் கிறீச்சிட, போட் மணலில் அசைந்து, சாய்ந்து, திடீரென்று பாரமே இல்லாததுபோலத் தண்ணீருக்குள் போனது. வாப்பாவும் மாமாவும் ஏறிக்கொண்டார்கள். மாமா அடித்தளத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, கரைக்குக் கேட்கக் கத்தினார்: "ஒரு சொட்டும் புகல்ல! ஒரே ஒரு சொட்டும்!" இஞ்சின் முதல் சுழற்றலிலேயே பற்றிக்கொள்ள, கரை முழுக்க மாஷா அல்லாஹ் என்றது. போட் அலை தாண்டிப் போனது.

நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சும்மா இருந்தது.

"ஐயா, அது துப்பல்லயே" என்றேன் கணபதி அண்ணனிடம்.

"எது கிளி?"

"அந்தக் குழாய்."

அவர் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். "ஐயோ, கெடுத்தான்!" தோளில் கிடந்த துவாயை உருவி, தலைக்கு மேல் சுழற்றி, "நிப்பாட்டு! மெசின நிப்பாட்டு!" என்று கத்தத் தொடங்கினார். இஞ்சின் சத்தத்தில் அங்கே என்ன கேட்கும்? வாப்பா தொப்பியைக் கழற்றி எங்களுக்குத் திருப்பி ஆட்டினார். மாமா போட்டின் முன்முனையில், அணியத்தில் ஏறி நின்று ஆடவே தொடங்கிவிட்டார். அதைக் கண்டு கரையிலிருந்தவர்களும் தொப்பிகளை ஆட்டி விசிலடிக்க, உம்மா என் பக்கம் குனிந்து, "பார் மகள், பாண்டிருப்பு அண்ணனுக்குத்தான் எவ்வளவு சந்தோசம்!" என்றார்.

பிறகு இஞ்சின் பக்கமிருந்து புகை எழும்பியது. சத்தம் நின்றது. ஆட்டிய தொப்பிகள் தலைக்குத் திரும்பின.

"கட்டார்தான் எழுதியிரிக்கி போல" என்று உம்மா மெதுவாகச் சொன்னபோது, நான் அழவும் இல்லை. முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து வாப்பா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடலுக்குள் பாய்ந்தார். மனம் வெறுத்துப் பாய்ந்துவிட்டார் என்றே நினைத்து நான் வீரிட்டேன்.

தலை வெளியே வந்தது. கையில் என்னவோ சிவப்பாக, பச்சையாக, மஞ்சளாக. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அணியத்தில் மாமா ஆட்டத்தை நிறுத்தினார்.

"மச்சான்!" வாப்பாவின் குரல் தண்ணீருக்கு மேலால் தெளிவாக வந்தது. "மெசின்ட வாயையும் சேர்த்துத் தைச்சிட்டாயேடா!"

"எல்லா ஓட்டையையும் அடைக்கச் சொன்னது நீதானே மச்சான்!"

லெப்பை மணலில் குந்திவிட்டார், சிரிப்புத் தாங்காமல். கணபதி அண்ணன் துவாயால் கண்ணைத் துடைத்தார். இஞ்சின் ஆறும்வரை இரண்டு மச்சான்மாரும் நடுக்கடலில் சண்டை பிடித்தது கரைக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. மறுபடி சுழற்றினார்கள். குழாய் இருமியது; கொஞ்சம் துரு வந்தது; பிறகு வெள்ளையாக, தாராளமாக, தண்ணீர்! கணபதி அண்ணன் "துப்பிட்டான்!" என்று கத்த, நான் உடுப்போடு முழங்கால் தண்ணீர்வரை ஓடினேன்; என் பின்னால் ஏசிக்கொண்டே ஓடிவந்த உம்மாவும் நனைந்தார். அன்றைய பாற்சோற்றை நான் எத்தனை தரம் வாங்கித் தின்றேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அடுத்த நாளே வாப்பா பாஸ்போட்டைத் திருப்பி வாங்கிவந்தார். அந்த ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "அடைக்காதே" என்று எழுதியும் வைத்தார். ஒவ்வொரு மாரியும் போட் கரையேறும், நாங்கள் குடும்பமாய்ப் போய்ச் சிப்பி சுரண்டுவோம், மாமா நூல் மூடையோடு வந்து இறங்குவார், அந்த எழுத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்குவார்.

இப்போது அந்தப் போட் இல்லை. பலகை உக்கிப்போக உடைத்துவிட்டார்கள். இஞ்சின் வீரமுனைப் பக்கம் ஒரு வயலுக்குத் தண்ணீர் இறைக்கப் போனது. நாங்கள் தள்ளி இறக்கிய மணலைக் கடல் தின்றுவிட்டது, அந்த இடத்தில் கல் போட்டிருக்கிறார்கள். ஆனால் நான் பெரியபிள்ளையான சடங்கிலும் என் கல்யாணத்திலும் வாப்பா வாசலில் நின்று ஆட்களை வரவேற்றார். என் மகனுக்கு அவருடைய இருமலைக் கேட்டே ஆள் வருவது தெரியும். வெள்ளிக்கிழமைகளில் மாமாவும் வந்துவிடுவார். அந்த மூடை நூலுக்கு இன்னும் காசு வரவில்லை என்று அவர் தொடங்க, "மெசினுக்கு ஊட்டின நூலுக்கெல்லாம் காசில்ல மச்சான்" என்று வாப்பா முடிப்பார். இந்த வெள்ளியும் அதே சண்டைதான், தேத்தண்ணி ஆறிப்போனது. ஆகவே நூல் கணக்கில் வாப்பா மாமாவுக்கு இன்னும் கொடுக்கவேண்டியது நானூற்று ஐம்பது ரூபாய்.