நடுக்கடலில் நிறுத்தியவர்

சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது வசந்தா அண்ணியிடமிருந்து போன் வந்தது. "குமாரு, உங்க அண்ணன் போயிட்டாருப்பா" என்றார். பக்கத்தில் ஒரு கன்டெய்னர் லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சரியாகக் காதில் விழாதவன் போல மறுபடி கேட்டு, அந்த வார்த்தையை அவர் வாயால் இன்னொரு முறை சொல்லவைத்துவிட்டேன். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் சற்குணம் அண்ணன் பராமரிப்புப் பிரிவு ஃபிட்டர். வாலாஜாபாத்தை அடுத்த கிராமத்துக்காரர். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் ஞாபகம் வரும். மூன்று பேர் துடுப்புப் படகில் அட்லாண்டிக் கடலைத் தாண்டப் போய்ப் பாதியில் திரும்பினார்களே, அந்தப் படகின் தலைவர் அவர்தான். மற்ற இருவர், எலக்ட்ரீஷியனான நானும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த ரூபனும். "பாதியில் திரும்பினார்கள்" என்று இளிப்பவர்களிடம் நான் இதுவரை வாய் கொடுத்ததில்லை. சண்டை போடுவது அண்ணனுக்குப் பிடிக்காது. இப்போது அவர் இல்லை, சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பித்தது ஒரு புது மெஷினால். அதை நிறுவ வந்த வெளிநாட்டு இன்ஜினியர், தான் துடுப்புப் போட்டே பெருங்கடலைத் தாண்டிய படங்களை கேன்டீனில் காட்டினார். நாங்கள் ஆச்சரியப்பட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். அண்ணன் மட்டும் எழுந்திருக்கவில்லை. "இன்னாபா, மனுசன்தானே தள்ளிகினு போயிருக்கான்? நாமளும் தள்ளலாம்" என்றார். கிண்டல் என்றுதான் நினைத்தோம். பல வருடம் விடாமல் அலைந்து, கோவளத்துக்குத் தெற்கே கடலில் எங்களைப் பழக்கி, கடைசியில் நிர்வாகத்தையும் மசியவைத்தார். படகின் பக்கவாட்டில் தன் பெயரை ஒட்டிக்கொள்ளலாம் என்றதும் கம்பெனி செலவை ஏற்றது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள ஒரு தீவில் பழைய படகு ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் புறப்பட்டோம்.

படகு என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு மினி வேன் நீளம். முன்னும் பின்னும் ஆள் படுக்கும் அளவுக்கு இரண்டு பொந்துகள், நடுவில் திறந்தவெளியில் துடுப்பு போடும் இருக்கைகள். இருவர் துடுப்பு வலிக்க ஒருவர் படுப்பார். முறை மாறிக்கொண்டே இருக்கும். ஷிப்ட் மாற்றுவதில் அண்ணன் தொழிற்சாலையின் வழக்கத்தை அப்படியே கொண்டுவந்தார். அடுத்த ஆள் வந்து, இடுப்புக் கயிற்றைப் படகோடு மாட்டி, "வந்துட்டேன்" என்று சொன்ன பிறகுதான் முதல் ஆள் துடுப்பை விடலாம். "இங்க பஸ் லேட்டுன்னு கதை வுட முடியாது" என்பார்.

கடல்நீரை நல்ல நீராக்கும் சிறு கருவி ஒன்று இருந்தது. அது தருவது குடிக்கவே சரியாக இருக்கும். ஈரத்துணியால் உப்பைத் துடைத்துக்கொள்வதுதான் குளியல். வாளிதான் கழிவறை, அதில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்காமல் மற்ற இருவரும் மரியாதையாக அடிவானத்தைப் பார்க்க வேண்டும். காய்ந்த உணவுப் பொட்டலத்தில் வெந்நீர் ஊற்றினால் சாப்பாடு. எல்லாமே ஒரே ருசி என்பதால் அண்ணி கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலை விரலால் தொட்டு நக்கிக்கொள்வோம். உட்காருமிடம் முதலில் புண்ணானது. பிறகு உள்ளங்கை, கணுக்கால், அக்குள். உப்பு பட்ட புண் ஆறாது. வலி என்பது அங்கே யாரும் பேசாத விஷயமாகிவிட்டது.

ஒரு பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலை வாசலில் "விபத்தில்லா நாட்கள்" என்று எழுதி, கீழே தினமும் ஒரு எண்ணைக் கூட்டிப் போடுவார்களே, விபத்து நடந்தால் சுழியிலிருந்து தொடங்குவார்களே, அதேபோல் ஒரு சிறிய பலகையைச் செய்து எங்களிடம் கொடுத்திருந்தது கம்பெனி. தினமும் எண்ணை மாற்றி, அதன் பக்கத்தில் நின்று சிரித்துப் படம் அனுப்ப வேண்டும். கேன்டீன் டிவியில் காட்டுவார்கள். அண்ணன்தான் ஆசையாக அதைப் பொந்தின் கதவுக்கு மேல் திருகி மாட்டினார். அந்தப் பலகையோடு பழகியவர்களுக்குத் தெரியும், தொழிற்சாலையில் அடிபட்டவன் முதலில் காயத்தைப் பார்க்க மாட்டான், எண்ணைத்தான் நினைப்பான். தன்னால் அது சுழியானால் மொத்த ஷிப்ட்டும் தன்னை முறைக்கும் என்று கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வான்.

ரூபனும் அதையேதான் செய்தான். நாங்குநேரிப் பக்கத்துப் பிள்ளை, எங்கள் மூவரில் பலசாலி. ஒரு பெரிய அலையில் படகு சாய்ந்தபோது கால்மிதியின் போல்ட் அவன் கெண்டைக்காலைக் கிழித்திருக்கிறது. எங்களுக்குத் தெரியாமல் டேப்பைச் சுற்றி, மேலே பேன்ட்டை இறக்கிவிட்டுத் துடுப்பு போட்டுக்கொண்டே இருந்தான். மூன்று பேர் உடம்பும் புண்ணாகக் கிடந்த படகில் எந்த நாற்றம் யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் ஷிப்ட் மாற்ற வந்தவன் "வந்துட்டேன்" என்று சொல்லும்போது பற்கள் கிட்டின. உச்சி வெயில் நெருங்கும் நேரத்தில் குளிர் ஜுரம். அண்ணன் அவன் பேன்ட்டைத் தூக்கிப் பார்த்தார். கால் முழங்கால் வரை வீங்கி, மினுமினுவென்று, பார்க்கச் சகிக்காத நிறத்தில் இருந்தது.

"எப்பலேர்ந்துடா?"

"சும்மா கீறல்தாம்ணே. ரெண்டு நாளுல சரியாப் போவும்."

"ஏன்டா சொல்லல?"

ரூபன் பலகையைப் பார்த்தான். அண்ணனும் திரும்பி அதைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க விரும்பினாலும் முடியாது.

சேட்டிலைட் போனில் பேசிய மருத்துவர், உடனே அவனைக் கப்பலில் ஏற்றுங்கள் என்றார். உதவி கேட்டால் பயணம் அத்தோடு முடிந்தது. படகைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். ரூபன் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "பாதிக்கு மேல வந்துட்டோம்ணே. என்னால நின்னுட்டுன்னு பேரு வேண்டாம்ணே. மாத்திரையப் போட்டுட்டுக் கெடக்கேன்." நானும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடலை அவர் எத்தனை வருடம் சுமந்தார் என்று எனக்குத் தெரியும். அவர் யோசிக்கவே இல்லை. "உன்னால இல்லடா, நான் நிறுத்துறேன்" என்று சொல்லி உதவி கேட்கும் பொத்தானை அழுத்தினார். பிறகு ஈரக்கையால் பலகையின் எண்ணை அழித்து, சுழியைப் போட்டு, அதையும் படமெடுத்து அனுப்பினார். கேன்டீன் டிவியில் அந்தப் படம் வரவில்லை. முந்தைய நாள் படமே ஓடிக்கொண்டிருந்ததாகப் பின்னால் கேள்விப்பட்டோம்.

படகு அடித்துப்போகாமல் இருக்க, பாராசூட் போல விரியும் கடல் நங்கூரத்தை இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். ஒரு சரக்குக் கப்பல் வழி மாறி எங்களிடம் வந்துசேர மறுநாள் ஆகிவிட்டது. அதுவரை ரூபனின் தலை அண்ணன் மடியில் இருந்தது. ஜுரத்தில் அவன் அம்மாவிடம் பேசினான்; அவர் அம்மா போலவே பதில் சொன்னார். கப்பலின் மேல்தட்டிலிருந்து பார்த்தபோது எங்கள் படகு காலியாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் பார்க்கவில்லை.

கப்பல் போய்ச் சேர்ந்த துறைமுகத்தின் மருத்துவமனையில் ரூபனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முன்பே சொல்லியிருந்தால் காலும் தப்பியிருக்கும் என்றார்கள்.

ஊர் திரும்பிய பின் அண்ணன் கடலைப் பற்றிப் பேசியதில்லை. லைன் தொடங்கும் முன் நடக்கும் காலைக் கூட்டத்தில் மட்டும் தினமும் கை தூக்குவார். "யாருக்குன்னா வலி கீதா? இப்பவே சொல்லிடுங்கபா" என்பார். சூப்பர்வைசர் பல்லைக் கடிப்பார், சிலர் சிரிப்பார்கள். வாசலில் இருக்கும் பெரிய பலகையை எடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் மன்றாடினார். எடுக்கவில்லை. இன்றும் இருக்கிறது.

ரூபன் வேலையை விட்டு ஊரோடு போய்விட்டான். அண்ணன் வாராவாரம் போன் செய்வார். "நல்லா இருக்கேம்ணே, கட்டைக்கால் நல்லாப் பழகிட்டு" என்பான் அவன். போனை வைத்ததும் அண்ணன் என்னிடம் சொல்வார்: "பொய் சொல்றான்பா. பலகைய மாட்னவன்கிட்ட எப்படிச் சொல்லுவான்? ஒரு வாட்டி வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லட்டும், அது போதும் எனக்கு." அது நடக்கவில்லை.

அண்ணன் இறந்த அன்று காலை, மெஷின் பக்கத்தில் நின்றவர், "நெஞ்சு அடைக்குது, வண்டி கூப்புடுங்க" என்று உடனே சொல்லியிருக்கிறார். மறைக்கவில்லை. வண்டியும் வந்தது. ஒரகடம் சந்திப்பின் லாரிகளைத் தாண்டி மருத்துவமனை சேருவதற்குள் முடிந்துவிட்டது. எல்லாவற்றையும் சரியாகச் செய்த மனிதருக்கு இப்படி. எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ரூபன் மறுநாள் வந்துசேர்ந்தான். யார் சொல்லியும் கேட்காமல் பாடையின் முன் மூலைக்குத் தோள் கொடுத்தான். ஏரிக்கரை மண்பாதை மேடும் பள்ளமுமாக இருந்தது. அவன் நடை கோணுவது பின்னால் வந்த எனக்குத் தெரிந்தது. பாதி வழியில் அவன் நின்றான்.

"என்னால முடியல. கால் ரொம்ப வலிக்கி. கொஞ்சம் நிறுத்துங்க."

நடுவழியில் நிற்கக் கூடாது, நடங்க நடங்க என்று பெரியவர்கள் சிலர் சத்தம் போட்டார்கள். அண்ணனின் மகன் தீச்சட்டியோடு திரும்பினான். "வலிக்குதுன்றாரு இல்ல? நிக்கட்டும்" என்றான். பறைச் சத்தம் நின்றது. அத்தனை பேரும் நின்றோம். ரூபன் தோளிலிருந்து நான் அண்ணனை வாங்கிக்கொண்டேன். அவன் கரையில் உட்கார்ந்து, செயற்கைக் காலைக் கழற்றி, எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதான்.

அவன் சொல்லிவிட்டான் அண்ணே. போய் வாருங்கள்.