சுவரொட்டி கிழித்துச் செய்த பன்றி

மதுரையில் வண்ணக் காகிதம் வாங்க வசதியில்லாத பிள்ளைக்கும் வண்ணக் காகிதம் கிடைக்கும். காதுகுத்து, கல்யாணம், பதவியேற்பு, கண்ணீர் அஞ்சலி என்று எது நடந்தாலும் ஆளுயரத்துக்கு அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிறோம். ஒரு மழை பெய்தால் மூலை தானாகப் பிரியும். மாடுகள் அதைத் தின்கின்றன. அதற்காக மாட்டிடம் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றபின், கோச்சடைப் பக்கம் எங்கள் திருச்சபை நடத்தும் தொடக்கப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். விதிகள் தெரிந்த ஒரு கிழவி குழுவில் இருப்பது நல்லது என்று நினைத்திருப்பார்கள். கூட்டத்தில் டீ எனக்குத்தான் முதலில் வரும். என் கருத்தைக் கடைசியில் கேட்பார்கள்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை வாடிப்பட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தார். அரசுச் சம்பளம் இல்லாத தற்காலிக வேலை. ஜூனில் காலியாகும் நிரந்தர இடம் அவருக்குத்தான் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் சொற்பச் சம்பளத்தில் சில வருடங்களை ஓட்டியிருந்தார். அவருடைய நியமனத்துக்கான தாள்களை நானே சரிபார்த்துக் கட்டி வைத்திருந்தேன்.

நன்கொடையாக வந்த படப்புத்தகம் ஒன்றை அவர் வகுப்பில் வாசித்துக் காட்டினார். அழைப்பில்லாமல் கல்யாண வீட்டுக்குப் போகும் ஒரு பன்றியின் கதை. அதில் படங்கள் வரையப்பட்டவை அல்ல, காகிதத்தைக் கையால் கிழித்து ஒட்டியவை. நாமும் இப்படிச் செய்வோம், வீட்டிலிருந்து கலர் பேப்பர் கொண்டுவாருங்கள் என்றார். வீட்டில் ஏது? வழியில் இருந்தது. மறுநாள் பிள்ளைகள் சுவரொட்டிச் சுருள்களோடு வந்தார்கள்.

நானும் போய்ப் பார்த்தேன். ஒரு மணப்பெண்ணின் பட்டுப்புடவை பந்தலாகியிருந்தது. யாரோ ஒருவருடைய மீசை காகமாகிப் பறந்தது. ஒரு சிறுமியின் பன்றிதான் எல்லாவற்றிலும் உயிரோடு இருந்தது. பன்றியின் நிறம் எதில் அகலமாகக் கிடைக்கும் என்று தேடியிருக்கிறாள். முகத்தில்தான் கிடைத்திருக்கிறது. ஒரு கன்னத்தை முழுதாகக் கிழித்திருந்தாள், கண்ணோடு சேர்த்து.

"கண்ணு ஏற்கனவே இருந்துச்சு மிஸ். அதான் வரையல."

பெற்றோர் கூட்டத்தன்று எல்லாவற்றையும் வராந்தாவில் ஒட்டினார்கள். யாரோ படம் எடுத்து வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். சாயங்காலமே, அந்தக் கன்னத்துக்கு உரியவரின் மகன் ஆட்களோடு வந்துவிட்டார். அப்பா அரிசி ஆலை வைத்திருந்த பெரிய மனிதர். இறந்து ஓராண்டு ஆனதற்கு அஞ்சலிச் சுவரொட்டி அடித்திருந்தார்கள். பள்ளித் தாளாளர் என்னைப் பேசச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

"அம்மா, நாங்க சண்டைக்கு வரல," என்றார் மகன். "எங்கப்பா இந்த ஏரியாவுக்கு எம்புட்டோ செஞ்சிருக்காரு. அவரப் பன்னியாக்கி ஒட்டியிருக்கீக."

"ஒரு கன்னத்த வச்சு அப்பான்னு எப்படிங்க சொல்றீங்க?"

"கண்ணப் பாத்தாத் தெரியாதாம்மா?"

கூட வந்தவர் குனிந்து பார்த்தார். "ஆமாண்ணே. கோவம் வந்தா அப்பா இப்பிடித்தான் முழிப்பாரு."

"நீ சும்மா இரு மாப்ள."

புகாரை எழுத்தில் கொடுங்கள், விசாரித்து முடிவு சொல்கிறோம் என்றேன்.

"என்னன்னு எழுத? எங்கப்பன் பன்னியாயிட்டாருன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போடணுமா? நல்லா இருக்கும்மா ஒங்க நியாயம்."

இதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை.

அப்போது ஆசிரியை முன்னால் வந்தார். "நான்தான் ஒட்டச் சொன்னேன். பிள்ளைய ஒண்ணும் கேக்காதீங்க." அவர்கள் பிள்ளையைக் கேட்கவில்லை. அவர்களுக்கு ஒரு ஆள் கிடைத்தால் போதும்.

மறுநாள் தாளாளர் ஆசிரியையை அழைத்து, "கொஞ்ச நாள் வீட்டுல இருங்கம்மா. ஜெபம் பண்ணிட்டுத்தான் சொல்றேன்," என்றார். ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தப் புகார் வேண்டும், விளக்கம் கேட்கும் குறிப்பாணை வேண்டும், விசாரணை வேண்டும், ஆணை வேண்டும். எந்தத் தாளில் சறுக்கினாலும் மேல்முறையீட்டுக்கு இடம் உண்டு. என் பணிக்காலம் முழுவதும் அந்தத் தாள்களோடுதான் போயிற்று. இங்கே தாளே இல்லை. ஜெபத்தின் மேல் அப்பீல் போக முடியாது.

வாசலில் ஆசிரியையை நிறுத்தி, நிறுத்தியதற்கு எழுத்தில் ஆணை கேளுங்கள் என்றேன்.

"கேட்டா குடுத்துருவாங்க மேடம். அத வச்சிக்கிட்டு நான் வேற எந்த ஸ்கூல் வாசல்ல போய் நிப்பேன்?"

விதி தெரிந்தவள் நான். விவரம் தெரிந்தவர் அவர்.

அடுத்த வாரம் ஆலைக்காரரின் மகன் அப்பா நினைவாகப் பள்ளிக்குக் கட்டுக் கட்டாக வண்ணக் காகிதம் வழங்கினார். சால்வை, புகைப்படம், எல்லாம் நடந்தது. கிழிக்கலாமா என்று ஒரு பையன் கேட்டான். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஜூனில் அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. கோப்பு சரிபார்க்க என்னிடம் வந்தது. 'முன்னர் தற்காலிகமாகப் பணியாற்றியவர் தாமாகவே வருவதை நிறுத்திக்கொண்டார்' என்று ஒரு வரி இருந்தது. குழுவில் ஆட்சேபித்தேன். பொருளாளர் பொறுமையாகக் கேட்டார்: "அந்தம்மா எழுத்துல ஏதாச்சும் புகார் குடுத்திருக்காங்களா மேடம்?" இல்லை. அடுத்த பொருளுக்குப் போனோம்.

பிறகொரு நாள் ஆசிரியை போன் செய்தார். ஊர்ப்பக்கம் ஒரு தனியார் பள்ளியில் கூப்பிட்டிருக்கிறார்களாம், அனுபவச் சான்றிதழ் வேண்டுமாம். தாளாளர் தாராளமாகச் சம்மதித்தார். வாசகத்தை நான் எழுதினேன். கற்பித்த பாடங்கள் என்ற இடத்தில் தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் என்று போட்டுவிட்டு, ஓவியமும் கைவேலையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"அது மட்டும் வேணாம் மேடம்," என்றார்.