பூசைக்குப் போவான் என்றேன்

என் மகனைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். ரெஜினா அல்ல. ஊர் அவளைத்தான் தூற்றுகிறது. என் மகனும் அப்படித்தான் நம்புகிறான். அவர்கள் அவளைத் தூற்றும்போது நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் சொல்வதற்குக் காரணம், உங்களுக்கு என்னைத் தெரியாது என்பதுதான். தெரிந்தவர் எவரிடமும் சொல்ல வாய் வரவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குக்கூடப் போனேன். குடித்தேன், கோபப்பட்டேன், மனைவியை ஏசினேன் என்று சில்லறைப் பாவங்களையெல்லாம் சுவாமியிடம் கொட்டிவிட்டு, இதை மட்டும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

நான் இலங்கை இராணுவத்தில் சார்ஜனாக இருந்தவன். மாம்புரியில் பிறந்த ஒரு தமிழ்க் கத்தோலிக்கன் யுத்த காலத்தில் அந்த உடுப்பைப் போட்டால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதான். முகாமில் என்னைச் சிங்களத்தில் 'தெமளா', அதாவது தமிழன், என்று கூப்பிட்டார்கள். விளையாட்டுக்குத்தான்... ஆனால் நான் வீட்டுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தால் யாராவது ஒருவன் எட்டிப் பார்ப்பான். ஊரிலோ, வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் குடியேறிய சனங்கள், என் சைக்கிளைக் கண்டதும் கதையை நிறுத்திவிடுவார்கள். மற்றவன் ஒருமுறை காட்டினால் போதுமான விசுவாசத்தை நான் திரும்பத் திரும்பக் காட்டவேண்டியிருந்தது. முழங்காலில் குண்டுச் சிதறலோடு வீடு திரும்பிய பிறகும், என்னை முழுதாக நம்பிய ஒருவரை நான் காணவில்லை.

அதனால்தான் ரொஷான், என் ஒரே மகன், யுத்தம் முடிந்து சில வருடங்களின் பின் இராணுவத்தில் சேர்ந்து, லெபனானுக்குப் போகும் அமைதிப்படைக்குத் தெரிவானபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. நீலத் தொப்பியோடு அவன் அனுப்பிய படத்தைப் பெருப்பித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

"மாதாவ விடப் பெருசா இருக்குது" என்றாள் மனைவி.

இருக்கட்டும் என்றேன். இனி எவன் எங்களைச் சந்தேகப்படுவான்? இந்த நாட்டின் கொடியைத் தோளில் தைத்துக்கொண்டு வெளிநாட்டில் நிற்பவன் என் பிள்ளை அல்லவா!

சந்திக் கடையில் யாரும் கேட்காமலே அவன் கதையைத் தொடங்கிவிடுவேன். துவக்கும் கையுமாக எல்லையில் நிற்கிறான் என்பேன். உண்மையில் அவனைச் சமையற்கட்டில் போட்டிருந்தார்கள். டெலிபோனில் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

"அப்பா, இஞ்சயும் வெங்காயம்தான். எங்கட தோட்டத்துலயே இருந்து உரிச்சிருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இத ஆரிட்டயும் சொல்லிராத" என்றேன்.

ரெஜினாவை அங்கேதான் கண்டிருக்கிறான். குறிஞ்சிப்பிட்டிக்காரி, பெய்ரூட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றாள். இலங்கையிலிருந்து வேலைக்குப் போன பெண்கள் ஞாயிறுதோறும் கூடும் கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. லீவு கிடைக்கும்போதெல்லாம் இவனும் அங்கே போய்ப் பூசை கண்டிருக்கிறான். ஞாயிறு பூசையைத் தவறவிடக்கூடாது என்று அவனைப் பழக்கியவன் நான். சின்ன வயதில் காய்ச்சல் என்றாலும் போர்த்தித் தூக்கிப் போவேன்.

படை நாடு திரும்பும் நேரத்தில் அவன் முகாமிலிருந்து காணாமற் போனான். பிறகு ஒரு நாள் தெரியாத இலக்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"அப்பா, நான் வரல்ல. இஞ்ச ஒரு வேலை பாத்து, ரெஜினாவக் கட்டிட்டு, பொறகு இத்தாலிக்கு மாமாக்கிட்டப் போவம் எண்டு இருக்கன். உங்களுக்கு மட்டும்தான் சொல்றன். அம்மா பயந்துருவா."

"இப்ப எங்க நிக்கிற?"

"ரெஜினா ஒரு அறை பாத்துத் தந்திருக்கா. வெளிய போறதில்ல. பூசைக்கு மட்டும் போவன்... அத விட்டா நீங்க ஏசுவீங்க தானே."

உங்கள் பிள்ளை அப்படிச் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? உயிரோடு இருக்கிறானே, அது போதும் என்றிருப்பீர்கள். நானோ, என்னை ஏமாற்றிவிட்டான் என்று கொதித்தேன். நான் ஆயுள் முழுக்கக் காலை இழுத்து இழுத்துக் கொண்டுவந்து சேர்த்த பெயரை, ஒருத்திக்காகக் குப்பையில் போட்டுவிட்டான் என்று நினைத்தேன். அவன் அங்கே நன்றாக இருக்கட்டும் என்று ஒரு கணமாவது நினைத்தேனா? இல்லை. பொய் சொல்லமாட்டேன்.

சில நாள் கழித்து வீட்டுக்கு ஒரு இராணுவ ஜீப் வந்தது. அதிகாரி இளம் ஆள். அதட்டுவார், மிரட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றேன். அதட்டியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அதட்டலுக்கு நான் பழகியவன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். என்னைக் கதிரையில் இருத்திவிட்டுத்தான் தான் இருந்தார். 'சார்ஜன்' என்றார். படையை விட்டு வந்தபின் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

தேநீரைக் குடித்துக்கொண்டே சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். "உங்களைப் போல ஆட்களால்தான் சார்ஜன், தமிழர்களையும் நம்பலாம் என்று நாங்கள் மேலே சொல்லமுடிந்தது. இனி உங்கள் ஆட்களில் ஒருவனைத் தெரிவு செய்யவும் யோசிப்பார்கள்."

உங்கள் ஆட்கள்... அந்தச் சொல்தான் என்னை விழுத்தியது. பெரிய தண்டனை வராது, அவனாகத் திரும்பி வந்ததுபோல முடித்துக்கொள்ளலாம், அது தன் பொறுப்பு என்றும் சொன்னார். நான் அதை நம்பினேனா, நம்ப விரும்பினேனா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"எங்கே நிற்கிறான் என்று தெரியாது, சேர்" என்றேன். அது உண்மைதான். பிறகு, யாரும் கேட்காமலே, "ஆனால் ஞாயிறு பூசைக்குப் போவான். எங்கள் பெண்கள் போகும் கோயிலுக்கு" என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

தெருவைச் சொன்னேனா, வீட்டைச் சொன்னேனா, பூசை என்றுதானே சொன்னேன் என்று எத்தனையோ தடவை எனக்கு நானே வாதாடிப் பார்த்துவிட்டேன். என் வாதம் எனக்கே எடுபடவில்லை.

பூசை முடிந்து வெளியே வரும்போது, கோயில் வாசலில் வைத்து அவனைப் பிடித்தார்கள். ரெஜினா பக்கத்தில் நின்றாளாம். நாட்டுக்குக் கொண்டுவந்து, விசாரணை வைத்து, சிறையில் போட்டார்கள். அந்த அதிகாரிக்கு எத்தனை தடவை அழைப்பு எடுத்திருப்பேன்! அவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை. மகனைப் பார்க்கப் போய் வாசற்காவலில் என் பெயரையும் பதவியையும் சொன்னேன். அங்கே நின்ற சிப்பாய் உள்ளே டெலிபோனில், "அந்த ஓடிப்போன தெமளாவின் அப்பன் வந்திருக்கிறான்" என்று சொன்னான். நான் வெயிலில் நின்றேன்.

ரொஷான் வெளியே வந்து வீட்டில் முதல் சோறு தின்னும்போது சொன்னான்: "அவதான் காட்டிக்குடுத்திருக்கிறா. படைய விட்டு ஓடினவன் அந்தக் கோயிலுக்குப் போறான் எண்டு அவக்கும் உங்களுக்கும்தானேப்பா தெரியும்."

அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கீரை போடச் சொல்லித் தாயிடம் சோற்றுக் கோப்பையை நீட்டினான். என்னைச் சந்தேகப்படலாம் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை!

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் வேறு ஒருவனுக்காக இவனைத் தொலைத்துவிட்டாள் என்று ஊர் கதை கட்டியது. மறுத்துச் சொல்ல என்னிடம் ஒரு வசனம் இருந்தது. அதையும் சொல்லவில்லை.

ரெஜினா லீவில் வந்தாள். அவன் தோட்டத்தில் நின்ற நேரம் பார்த்து என்னிடம் வந்தாள்.

"அங்கிள், அவர் என்ட முகத்தயும் பாக்கிறாரில்ல. நீங்க சொன்னாக் கேப்பார். நான் ஆரிட்டயும் சொல்லல்ல எண்டு ஒருக்காச் சொல்லுங்க." பிறகு மறுபடி சொன்னாள்: "யோசிச்சு யோசிச்சுப் பாத்து இப்ப எனக்கே விளங்குதில்ல அங்கிள். எனக்குத் தெரியாம ஆரோடயும் வாய்விட்டிட்டனோ தெரியா."

என் பாவத்தை அவள் தன் வாயிலேயே தேடிக்கொண்டிருந்தாள். அப்போதாவது என் நாக்கு அசைந்திருக்க வேண்டாமா?

"சொல்றன் புள்ள" என்றேன்.

போகும்போது என் முன்னே முழந்தாளிட்டு ஆசீர்வாதம் கேட்டாள். அவள் நெற்றியில் சிலுவை போட்டேன்... இந்தக் கையால்தான். அவள் நம்பிப் போனாள். நான் அவனிடம் சொல்லவேயில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அவள் திரும்பவும் வெளிநாடு போய்விட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? படை என்னைக் கைவிட்டது. ஊர் என்னை முதலிலேயே கைவிட்டிருந்தது. மிச்சமாக என்னை நம்பும் ஒரே ஆள் அவன்தான். அந்த நம்பிக்கையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஒரு பெண்ணின் வாழ்வை அதற்கு விலையாகக் கொடுத்தேன். இதைவிட அழகாகச் சொல்ல என்னால் முடியாது.

போன கிழமை அவன் தாய் கல்யாணப் பேச்சை எடுத்தாள். வயது போகிறது, யாரையாவது பிடித்திருந்தால் சொல் என்றாள். அவன் கால் மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னான்:

"நான் பாக்கமாட்டன். அப்பா பாத்து ஒரு ஆளச் சொல்லட்டும், கட்டுறன். எனக்கு வேற ஆர்லயும் நம்பிக்கை இல்ல."

மனைவி என்னைப் பெருமையோடு பார்த்தாள்.

"சரி மகன்" என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போகிறோம்.