நூற்றுப் பதினேழாம் பக்கத்து அடிக்குறிப்பு

என் மனைவி தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். நான் பத்தாவது வரை படித்தவன். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் இருபத்திரண்டு வருடமாக வேலை. வீடு கவரைப்பேட்டையில். காலையில் அவள் சென்னைப் பக்கம் போகும் ரயிலுக்கும் நான் கும்மிடிப்பூண்டி ரயிலுக்கும் எதிரெதிர் நடைமேடையில் நிற்போம். அவள் அங்கிருந்தே, "ஏங்க, டிபன் டப்பா எடுத்துக்கினீங்களா?" என்று குரல் கொடுப்பாள். நடைமேடை முழுதும் என்னைத் திரும்பிப் பார்க்கும். நான் பையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். நான்கு பேர் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

பி.ஏ., எம்.ஏ. இரண்டையும் தபாலில் முடித்தவள், எங்கள் பெண்ணைக் கல்லூரியில் சேர்த்த வருடமே தானும் ஆராய்ச்சிக்குச் சேர்ந்துகொண்டாள். வெங்காயம் வதக்கும்போது எனக்குப் பாடம் நடக்கும். தூரத்து மலையில் புகை தெரிகிறது. ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. எதைப் போல? அடுக்களையைப் போல. இப்படிப் படிப்படியாக நிறுவ வேண்டுமாம். கேட்பது எனக்குப் பிடிக்கும். கேட்பவன் பேச வேண்டியதில்லை.

ஆனால் ஒரு நாள் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தாள்.

"புகை இருந்தா நெருப்பு இருக்கும். சரி. நெருப்பு இருந்தா புகை இருந்தே ஆகணுமா?"

"நம்ம கேஸ் அடுப்புல வர்றதில்லயே."

"அது எல்லாருக்கும் தெரியும். பழைய நூல்ல காய்ச்சின இரும்பு உருண்டையச் சொல்லியிருக்காங்க. அதுல நெருப்பு இருக்கும், புகை இருக்காதுன்னு. அத்த தெனம் பாக்கறவரு ஊட்லயே இருக்காரு. சொல்லுங்க. ஒங்க பில்லெட்ல புகை வருமா?"

பில்லெட் என்பது உலையில் ஆரஞ்சு நிறமாகப் பழுத்து வரும் இரும்புக் கட்டை. அதைத்தான் உருளைகளுக்கு நடுவே விட்டுக் கம்பியாக இழுப்போம். அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் வாயைப் பார்த்த பார்வையில் எனக்குக் கூச்சமாகிவிட்டது. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று, "வராது. துளி கூட வராது" என்றேன். அவள் எழுதிக்கொண்டாள்.

ஆய்வேடு தமிழில்தான். கனமான நீல அட்டை போட்டு வந்தது. பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டு வந்த பிறகு, வீட்டுப் பிரதியை நான் தினமும் இரண்டு பக்கமாகப் படித்தேன். பாதி புரியவில்லை. அடுத்தவர் சொல்வதை எப்போது அறிவு என்று ஏற்கலாம் என்பதுதான் விஷயம் என்பது மட்டும் புரிந்தது. நேரில் கண்டவராக இருக்க வேண்டும், கண்டதைக் கண்டபடி சொல்ல விரும்புகிறவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் படித்தவரா, பெரியவரா என்பதெல்லாம் பொருட்டல்ல என்று எழுதியிருந்தாள். நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பழுத்த இரும்பில் புகை சிறிதும் எழுவதில்லை என்று. அடிக்குறிப்பில், இருபத்திரண்டு ஆண்டுகளாக உருட்டாலையில் பணிபுரியும் என் கணவர் நேரில் கூறியது என்று.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறுநாள் வேலைக்குப் போகும் வரை.

அன்றைக்குப் பில்லெட் முதல் உருளைக்குள் நுழையும்போது நின்று பார்த்தேன். உருளையைக் குளிர்விக்கும் தண்ணீர் பட்டு வெள்ளையாக எழுந்தது. அது ஆவி. போகட்டும். அடுத்த உருளையில், பேரிங்கிலிருந்து கிரீஸ் சொட்டிக் கட்டையின் மேல் விழுந்தது. கறுப்பாக, சுருள் சுருளாக, கூரை வரைக்கும் புகை. இருபத்திரண்டு வருடமாக என் கண்ணெதிரே எழும் புகைதான். சட்டையில் அந்த வாசனையோடுதான் தினமும் வீட்டுக்கு வருகிறேன். துளி கூட வராது என்று எப்படிச் சொன்னேன்?

என்னோடு வேலை செய்யும் கிரேன் ஆபரேட்டரிடம் மட்டும் சொன்னேன்.

"இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? உடு நைனா. அந்த புரொபசருங்க இன்னா, இங்க வந்து கிரீஸ் டப்பாவ எண்ணப் போறாங்களா?"

"நம்பத் தகுந்தவருக்கு உதாரணமா வீட்ல அது என்னயப் போட்டிருக்குது."

அவன் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கழன்று விழுந்தது. "தோ பார்ரா. அண்ணிக்கு வேற ஆளே கெடைக்கலயா?"

வீட்டில் சொல்லலாம் என்று பல நாள் வாயெடுத்தேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் அவள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். அது பொதுவில் நடக்குமாம். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். வருகிறவர்களுக்கு டீயும் பலகாரமும் ஆராய்ச்சி செய்தவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எனக்கு. இரண்டு பெரிய பிளாஸ்க், ஒரு பை நிறைய சமோசாவோடு போய் இறங்கினேன். வாசலில் வருகைப் பதிவேடு. பெயர், துறை, கையெழுத்து. முன்னால் எல்லோரும் தத்துவம், வரலாறு என்று எழுதியிருந்தார்கள். நான் யோசித்துவிட்டு, மில்லில் என் பிரிவான ரோலிங் என்று எழுதினேன். பின்னால் நின்ற மாணவி அதைப் படித்துவிட்டு மரியாதையாக வணக்கம் சொன்னாள்.

கடைசி வரிசையில் பிளாஸ்க்குகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், தலை நரைத்தவர், ஆய்வேட்டில் நிறையக் காகிதத் துண்டு செருகி வைத்திருந்தார். என் மனைவி நன்றாகத்தான் பதில் சொன்னாள். ஒரு மணி நேரம் கழித்து அவர் ஒரு துண்டைப் பிடித்துப் பக்கத்தைத் திறந்தார்.

"நூற்றுப் பதினேழு. உங்க முழு ஆய்வும் நேரில் கண்டவர் சொல்லை நம்பலாம்னு சொல்லுது. இங்க உங்க வீட்டுக்காரர் சொன்னதா போட்டிருக்கீங்க. அவர் வந்திருக்காரா?"

"வந்திருக்காருங்க சார்" என்றாள் மகிழ்ச்சியாக. நாற்பது தலைகள் திரும்பின. இங்கே தூணும் இல்லை.

எழுந்து நின்றேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் உட்கார்ந்துவிடலாம். அவளுடைய ஆறு வருடமும் பத்திரம். ஆனால் கண்டதைக் கண்டபடி சொல்கிறவருக்கு எடுத்துக்காட்டாக அந்தப் பக்கத்தில் என்னைத்தான் எழுதியிருந்தாள் என்பது நினைவுக்கு வந்தது.

"சார், அது தப்பு சார்" என்றேன். "புகை வரும்."

என் மனைவி முகத்தை நான் பார்க்கவில்லை. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றியதை மட்டும் பார்த்தேன்.

"எப்ப வரும்?" என்றார் தேர்வாளர்.

"பேரிங்ல இருந்து கிரீஸ் சொட்டுனா வரும் சார். கட்டை மேல உழுந்து எரியும். வீட்ல அதுங்கிட்ட சொல்றப்ப எனக்கு ஞாபகம் இல்ல. நான் சரியா பாத்து சொல்லியிருக்கணும். அதும்மேல தப்பு இல்ல சார்."

"கிரீஸ் சொட்டலன்னா?"

இதற்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "வராது சார். இரும்புக்குப் புகை கிடையாது. புகை கிரீஸுக்குத்தான்."

அவர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "சொல்லுங்கம்மா. உங்க சாட்சி மாத்திச் சொல்றார். இது உங்களுக்கு ஆதரவா, எதிரா?"

அவள் தன் பிரதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு அவள் குரல் நிதானமாக வந்தது. "ஆதரவுதாங்க சார். நெருப்பு மட்டும் இருந்தா புகை வராது, ஈர விறகு சேர்ந்தாதான் வரும்னு அந்தக் காலத்துலயே சொல்லியிருக்காங்க. மில்லுல ஈர விறகுக்குப் பதிலா கிரீஸ். நான் பாதியத்தான் எழுதியிருக்கேன். மீதிய இப்ப அவர் சொல்லிட்டாரு."

"நம்பத் தகுந்தவர்ங்கறது?"

"தன் சொல்லையே திருத்தறவரை வேற எப்படிச் சொல்றதுங்க சார்?"

அவர் சிரித்துக்கொண்டே ஏட்டை மூடினார். அடிக்குறிப்பைத் திருத்தித் தர வேண்டும், மற்றபடி பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு டீ ஊற்றும் வேலை இருந்தது நல்லதாய்ப் போயிற்று. தேர்வாளர் இரண்டாவது டம்ளர் வாங்கும்போது, கட்டை என்ன நிறத்தில் வெளியே வரும் என்று கேட்டார். விவரமாகச் சொன்னேன்.

திரும்பி வரும் ரயிலில் எண்ணூர் தாண்டும் வரை அவள் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம், "எத்தினி நாளா தெரியும்?" என்றாள்.

"மூணு மாசம்."

"மூணு மாசமா வாய மூடிக்கினு இருந்துட்டு, அத்தினி பேர் எதுர்லயா சொல்லுவீங்க? எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சி." தோளில் ஓங்கி ஒரு குத்து வைத்தாள். எதிர் இருக்கைப் பூக்காரம்மா சிரித்தார். அவள் நோட்டை எடுத்து அங்கேயே திருத்தத்தை எழுதி எனக்குப் படித்துக் காட்டினாள்: உருளையிலிருந்து மசகு சொட்டும்போது எப்போதும் புகை எழும்.

"சரியா?"

"எப்போதும்னு போடாத. லேசா சொட்டுனா சில நேரம் பத்திக்காம உருண்டு ஓடிரும்."

"எத்தினி வாட்டி பாத்திருக்கீங்க?"

"நாளைக்கு எண்ணிட்டு வந்து சொல்றேன்" என்றேன். அவள் அந்த வார்த்தையை அடித்துவிட்டு, அங்கே கொஞ்சம் இடம் விட்டு வைத்தாள்.