நான் திருடாத புளியங்கொட்டை

திருடுகிறவர்கள் எதையாவது உருப்படியாகத் திருடுவார்கள். ஒரே ஒரு புளியங்கொட்டையைத் திருடினாள் என்று பெயர் வாங்கியவள் இந்தத் திருவண்ணாமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் எப்படிப்பட்ட வீட்டுப் பெண்! மாசி பிறந்தால் எங்கள் வாசலில் புளி வந்து இறங்கும். அடி அண்ணாமலைப் பக்கத்து மரங்களை அப்பா குத்தகைக்கு எடுப்பார். அம்மாவும் அத்தையும் நாள் முழுக்க உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். பழம் கடைக்குப் போய்விடும். கொட்டை மூலையில் குவிந்து கிடக்கும். அந்தக் குவியலின் மேல் ஒரு வருடம் பூனை குட்டி போட்டது. அந்த வீட்டில் பிறந்தவள் இன்னொருத்தியின் ஒரு கொட்டைக்குக் கை நீட்டுவாளா? அன்றைக்கு இதை ஒருவரும் யோசிக்கவில்லை.

நான் படித்தது நாலாம் வகுப்பில் முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கு ஏன் போயிற்று என்பதுதான் நான் சொல்ல வந்தது.

எங்கள் வாத்தியார் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெள்ளை வேட்டி, கையில் பிரம்பு, கணக்கில் கெட்டி. ஒருநாள் சொன்னார்: "நாளைக்கு ஆளுக்கு அறுபது புளியங்கொட்டை எண்ணி எடுத்துக்கினு வாங்க. ஜாஸ்தியும் கூடாது, கம்மியும் கூடாது." எதற்கு அறுபது என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று எப்படி வைத்தாலும் மீதியில்லாமல் மடங்கிக் கொடுக்கிற எண் அது. அதை வைத்து எங்களுக்கு வகுத்தல் சொல்லித்தர நினைத்தார். நல்ல யோசனைதான். நானே சொல்கிறேன், நல்ல யோசனைதான்.

மறுநாள் காலையில் அத்தைதான் எண்ணிக் கொடுத்தாள். அப்பாவின் அக்கா அவள். எங்கள் வீட்டில் எது வெளியே போனாலும் அவள் கையால்தான் போகும். ஐந்தைந்தாகத் தள்ளினாள். பன்னிரண்டு தள்ளல், அறுபது. கூடவே நானும் எண்ணினேன். அதற்குள் அம்மா பின்னல் போடக் கூப்பிட்டாள். ரிப்பன் கட்டிக்கொண்டு வந்தபோது அத்தை சுருக்குப் பையைக் கட்டி முடித்து நீட்டினாள். "வழியில கொட்டிடாத. பையத் தொறக்காத." நான் திறக்கவில்லை. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை கை வைக்கவில்லை.

வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவள் மண்டிக்காரர் மகள். அவள் காதில் தங்கத் தொங்கட்டான். அவள் அப்பாதான் பள்ளிக்கூடத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தவர். அவளும் ஒரு பையோடு வந்திருந்தாள். அவளுடைய கொட்டைகள் வறுத்தவை. நான் அவள் பக்கம் குனிந்தபோது வாசனை வந்தது. வறுத்த புளியங்கொட்டையை ஓடு தட்டி, கன்னத்தில் அடக்கி ஊற வைத்து ஊற வைத்து மெல்லுவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பழக்கம். அன்று அவள் ஒரு கன்னம் சற்று உப்பலாக இருந்தது. பல்வலி என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு அப்பாவி நான்.

"ரெண்டு ரெண்டா வைங்க" என்றார் வாத்தியார். தரையெல்லாம் ஜோடி ஜோடியாகக் கொட்டை. எனக்கு ஒன்று மீந்தது.

"எல்லாத்தையும் கலைச்சிட்டு மூணு மூணா வைங்க." வைத்தேன். ஒன்று மீந்தது.

வாத்தியார் வந்து நின்றார். "ஒழுங்கா வைடி. வரிசையில எங்கியோ ஒண்ணு விட்டுட்ட." கலைத்து மறுபடி வைத்தேன். ஒன்று மீந்தது. கையை நீட்டச் சொன்னார். ஒரு அடி. "நாலு நாலா வை." ஒன்று மீந்தது. இரண்டாவது அடி. ஐந்து ஐந்தாக வைத்தபோதும் அந்த ஒற்றைக் கொட்டை கடைசியில் தனியாக என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மூன்றாவது அடி. உள்ளங்கை தீயாய் எரிந்தது. "மரமண்டை! அறுபத வைக்கத் தெரியல, இவளுக்கு ரிப்பன் ஒரு கேடு" என்றார். பையன்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

அப்போதுதான் மண்டிக்காரர் மகள் அழ ஆரம்பித்தாள். அவளுக்கு எப்படி வைத்தாலும் கடைசி வரிசையில் ஒன்று குறைந்தது. ஜோடியில் ஒன்று குறைவு, மூன்றில் ஒன்று குறைவு, ஐந்தில் ஒன்று குறைவு. அவளுக்கு அடி விழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார் அவள் வரிசையைப் பார்த்தார். என் வரிசையைப் பார்த்தார். கணக்குப் போட அவருக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை.

"அவளுக்கு ஒண்ணு கம்மி, உனக்கு ஒண்ணு ஜாஸ்தி. என்னா அர்த்தம்?"

"நான் எடுக்கல சார்."

"அப்ப அது ரெக்க கட்டிக்கினு பறந்து வந்துச்சா?"

"எங்க வூட்ல எண்ணித்தான் குடுத்தாங்க சார். அறுபது."

"அறுபதுன்னா எப்படிடி மீறும்? நீயே சொல்லு, எப்படி மீறும்?"

அறுபது மீறாதுதான். அவர் கணக்கு சரியாக இருந்தது. எனக்கு இன்றைக்கும் ஆறாதது அதுதான். தப்பாகக் கணக்குப் போட்டு என்னைத் திருடி ஆக்கியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன்.

"அவ கொட்டைய அவகிட்ட குடுத்துட்டு மன்னிப்பு கேளு. இல்லன்னா வெளிய போ."

என் கொட்டை கறுப்பு, வறுக்காத கொட்டை. அவளுடையது வறுத்துத் தோல் வெடித்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் குருடருக்குக்கூடத் தெரிந்திருக்கும். பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஒன்பது வயது. அறுபதையும் அந்த ஒன்றையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் கொட்டையையும் கொடுக்கவில்லை. பின்னால் யாரோ "கொட்ட திருடி" என்று கத்தினார்கள். தெருமுனைச் சாக்கடையில் பையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். அன்றோடு என் படிப்பு முடிந்தது.

வீட்டில் "இனிமே போவ மாட்டேன்" என்று மட்டும்தான் சொன்னேன். திருட்டுப் பேச்சை வீட்டில் சொன்னால் அங்கே இன்னொரு முறை அடி விழும் என்ற பயம். கேட்டார்களா? கேட்கவில்லை. தம்பி கைக்குழந்தை, அம்மாவுக்கு ஆள் தேவை. "போவலன்னா இரு" என்றார் அப்பா. ஒரு பெண் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பது, மழை நின்ற மாதிரி அவர்களுக்குச் சாதாரணமாக இருந்தது.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. நாளாக ஆக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை வாரும்போது அவளுடையதில் ஒன்று என் பக்கம் வந்திருக்குமோ? என் கை எனக்குத் தெரியாமல் எடுத்திருக்குமோ? கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அவர்களுக்கும் கல்யாணம் செய்து வைத்த பிறகும் அந்தச் சந்தேகம் என்னோடு இருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவேன். திமிர் பிடித்தவள் என்று பேர். இருந்துவிட்டுப் போகட்டும்.

கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலுக்கு வந்து அந்தப் பக்கம் வீடுகள் பெருகிய காலத்தில், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை எனக்கு இருந்தது. ஐந்தாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியேதான் நான் அரிசியில் கல் பொறுக்குவேன். ஒருநாள் டீச்சர் போர்டில் ஒன்றிலிருந்து நூறுவரை எழுதினாள். ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, இரண்டோடு மடங்கையெல்லாம் அடிக்கச் சொன்னாள். பிள்ளைகள் நான் நீ என்று ஓடிப்போய் அடித்தார்கள். பிறகு மூன்று, ஐந்து, ஏழு. போர்டே கிறுக்கலாகிவிட்டது. நடுவில் சில எண்கள் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன.

ஒரு பொடியன் கேட்டான்: "டீச்சர், இதெல்லாம் தப்பான நம்பரா?"

"தப்பு ஒண்ணும் இல்லடா. இத எத்தன எத்தனையா வரிசை வெச்சாலும் சரியா வராது. நீ ராத்திரி பகலா வெச்சாலும் வராது. அதோட கொணம் அது. பகா எண்ணுன்னு பேரு."

எழுத்து மறந்தாலும் எண் எனக்கு மறக்கவில்லை. கீறல் படாமல் நின்றவற்றில் ஐம்பத்தொன்பது இருந்தது. அறுபதை அடித்திருந்தார்கள். அதற்கு அடுத்து அறுபத்தொன்று நின்றது.

அரிசியை அப்படியே வைத்துவிட்டு, சுண்டலுக்கு எடுத்து வைத்த கொண்டைக்கடலையில் அறுபத்தொன்று எண்ணினேன். இரண்டாக வைத்தேன். மூன்றாக, நாலாக, ஐந்தாக. ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்று, அதே ஒன்று, தனியாக வந்து கிடந்தது. அப்படியானால் நான் ஒழுங்காகத்தான் வைத்திருக்கிறேன்! மூன்று அடியும் வீண் அடி! எனக்கு வந்த கோபத்தில் அன்று குழம்பில் உப்பு கூடிப்போனது.

சாப்பாட்டு மணி அடித்ததும் டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் மகள் வயது அவளுக்கு. சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"அது சரி ஆயாம்மா. எண்ணிக் குடுத்தது அறுபதுன்றீங்க. கையில இருந்தது அறுபத்தொண்ணு. நீங்க எடுக்கல. அப்ப வூட்ல யாரு ஒண்ண சேத்துப் போட்டது?"

இந்த ஒரு கேள்வியை யாராவது அன்றைக்கே கேட்டிருக்கலாம். வாத்தியார் கேட்டிருக்கலாம். அப்பா கேட்டிருக்கலாம். நானே கேட்டிருக்கலாம். கரண்டியைக் கையில் பிடித்தபடியே அந்த நாளை நினைத்துப் பார்த்தேன்.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை இன்னும் சிவந்திருந்தது. எதிர்வீட்டில் நலங்கு. அத்தை அங்கே அனுப்ப வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது எண்ணி அடுக்கினாள். பிறகு எப்போதும் செய்வதுபோலக் கூடையிலிருந்து இன்னொன்றை எடுத்து மேலே வைத்தாள். பத்து, இருபது என்று முழு எண்ணாக எதையும் அவள் வீட்டைவிட்டு அனுப்ப மாட்டாள். அதோடு முடிந்துபோகும், விருத்தி இருக்காது என்பாள்.

"இந்தாடி, குடுத்துட்டு வா" என்று நீட்டினாள்.

எரிகிற கையால் வாங்கி, இருபத்தோரு வெற்றிலையையும் ஒன்றுகூட நழுவாமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.